உப்புப் பார்க்காத சமையல்

அடுப்புக்குள்ள லைட் எரியுது. அந்த மஞ்ச வெளிச்சத்துல அது உட்காந்திருக்கு, ரெண்டு காலையும் சேத்துக் கட்டிக்கிட்டு, தலை இல்லாம, ஏதோ குளிக்க வச்ச பிள்ளை மாதிரி. நானும் முக்காலியை இழுத்துப் போட்டு அதுக்கு எதுக்க உட்காந்திருக்கேன். நடுவுல ஒரு கண்ணாடிக் கதவு. அதை நேராப் பாக்க முடியல, அதோட நெஞ்சுல குத்தியிருக்கிற சிவப்புப் பொத்தானை மட்டும் பாக்கேன். வெந்துட்டா பொத்தான் தானா மேல எழும்பும்னு கடைக்காரப் பிள்ளை சொல்லுச்சு. மணி ஒண்ணு. பதினொண்ணரைக்கு உள்ள வச்சேன். வெளிய மேகம் மூடிக் கெடக்கு, பனி விழட்டுமா வேண்டாமான்னு யோசிக்குது, இந்த ஒஹையோ வானத்துக்கு நவம்பர்ல வேற வேலையே கெடையாது. இவுக ஏர்போர்ட்டுக்குப் போயாச்சு. மகளும் மாப்பிள்ளையும் வர்ற ப்ளைட் ஒண்ணே முக்காலுக்கு இறங்குது, பதினோரு மணிக்கே சட்டையை மாட்டிக்கிட்டு நின்னாக. எனக்குத் துணைக்கு இந்த வான்கோழி, தேங்க்ஸ்கிவ்விங்னா இந்த ஊர்ல இதுதான் விருந்து. அம்பத்தேழு வயசு வரைக்கும் முட்டை உடைச்சுப் பாத்ததில்ல நான். கேக்குக்குள்ள போட்டா அது முட்டை இல்லைன்னு இவுக ஒரு சட்டம் வச்சிருக்காக, அந்தச் சட்டத்துக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்ல. வடிவு வீட்ல வான்கோழி வேகுதுன்னு சொன்னா தமிழ்ச் சங்கத்துல ஒருத்தரும் நம்பமாட்டாக. போட்டோ எடுத்துக் காட்டினாலும் ஒட்டு வேலைன்னுதான் சொல்லுவாக. நானே நம்பல. அடுப்புச் சத்தம் உம்முன்னு ஒரே சீரா வருது, முகத்துல சூடு அடிக்குது, கண்ணு சொக்குது, நான் எங்க இருக்கேன், யாரு வீட்டு அடுப்பு இதுன்னு ஒரு நிமிஷம் விளங்கல.

வாடை வருமேன்னு பயந்துக்கிட்டு ஜன்னலைத் திறந்து வச்சேன், ஃபேனைப் போட்டேன், மூணு ஊதுபத்தி கொளுத்தினேன். இப்போ ஊதுபத்தி வாடையும் இந்த வாடையும் சேந்து என்னமோ ஒரு வாடை. முதல் அரை மணி நேரம் குமட்டிச்சு. பொறவு குமட்டல, அதுதான் எனக்குப் பயமா இருக்கு. மேடையில எல்லாம் ஒரு நாள் சாமான். அலுமினியத் தட்டு, பேப்பர் பிளேட்டு, பிளாஸ்டிக் கரண்டி, பிளாஸ்டிக் கத்தி, டாக்டர் போடுற மாதிரி கையுறை ஒரு டப்பா. அந்தக் கையுறையை ரெண்டு ரெண்டாப் போட்டுக்கிட்டுத்தான் இதைக் கவர்லேருந்து எடுத்துத் தட்டுல வச்சேன், கண்ணை முக்கால்வாசி மூடிக்கிட்டு. சாப்பிட்டு முடிச்சதும் அவ்வளவையும் மூட்டை கட்டி வெளிய போட்டுட்டு, அடுப்பு தன்னைத் தானே எரிச்சுச் சுத்தம் பண்ணிக்கிற பட்டனை அமுக்கிட்டா, வீடு பழையபடி ஆயிரும். ஒரு பாத்திரம் படாது, ஒரு கரண்டி படாது. ராத்திரியெல்லாம் உட்காந்து யோசிச்ச திட்டம். இவுக கேட்டாக, "ஏன் வடிவு, இதுக்கு ஓட்டல்லயே வாங்கிரலாமே." வாங்கலாம். ஆனா மக ஆவுடை என்ன சொல்லியிருக்கா? போன வாரம் போன்ல அப்பாகிட்டச் சொன்னா, இவுக ஸ்பீக்கர்ல போட்டாக, என் காதுல விழணும்னுதான் போட்டாக. "வர்றோம்ப்பா. அவனுக்கு அவங்கம்மா இல்லாத முதல் தேங்க்ஸ்கிவ்விங் இது, எங்க போறதுன்னு தெரியாம இருக்கான். ஆனா அம்மா இந்தத் தடவையும் அவனைக் கராஜுக்கு அனுப்பினா அதோட சரி. அப்புறம் நாங்க அந்த வீட்டுக்கு வரமாட்டோம்." சத்தம் போட்டுச் சொல்லல. சத்தம் போட்டிருந்தா நான் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். மளிகை லிஸ்ட் சொல்ற மாதிரிச் சொன்னா.

கராஜ். இந்த முக்காலியில இருந்து எட்டு எட்டு வச்சா அந்தக் கதவு. வெள்ளைப் பெயின்ட் அடிச்ச சாதாரணக் கதவு. ரெண்டு வருஷமா அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு மாப்பிள்ளை வெஸ்லியோட காதுதான் தெரியும். கல்யாணத்தை டென்வர்லயே ரெஜிஸ்டர் பண்ணிட்டு, அஞ்சு மாசம் கழிச்சு, இதே நாள்ல, மாப்பிள்ளையா முதல் தடவை வீட்டுக்கு வந்தான். நல்ல உயரம். நிலைப்படியில தலை இடிக்காம இருக்கக் குனிஞ்சே நடந்தான், அதைப் பாத்து நான் மரியாதைன்னு நினைச்சேன். கையில ஒரு கண்ணாடிப் பாத்திரம், துண்டைச் சுத்தி. ப்ளைட்ல வரும்போது அதை மடியிலயே வச்சிருந்தானாம். அவங்கம்மா லொரெய்ன் செஞ்சு குடுத்த ஸ்டஃபிங். ரொட்டியைத் துண்டு துண்டா நறுக்கி வெண்ணெய் வெங்காயமெல்லாம் போட்டு வேக வைப்பாக, அதுல பன்னிக்கறி, வான்கோழி ஈரல் எல்லாம் உண்டுன்னு ஆவுடை சொல்லவும் எனக்கு உடம்பு கூசிப்போச்சு. துண்டோட வாங்கினேன், ரெண்டு விரல்ல, நேரா கராஜுக்குக் கொண்டுபோய் அந்த வேலை மேசையில வச்சுட்டு வந்தேன். "சாப்பிடணும்னா அங்கன வச்சுச் சாப்பிடச் சொல்லு. எம் மேசையில அது வேண்டாம்." அவன் முகம் கோணல. ஷுயர்னு சொல்லி, கோட்டை மாட்டிக்கிட்டு, நான் குடுத்த பேப்பர் பிளேட்டை வாங்கிக்கிட்டுப் போனான். கதவு இடுக்கு வழியாப் பாத்தேன். காருக்கும் புல்லு வெட்டுற மிஷினுக்கும் நடுவுல நின்னு சாப்பிட்டான். வாயில இருந்து புகையாப் போகுது, அப்படிக் குளிரு. காது ரெண்டும் மிளகாப்பழமாச் செவந்திருக்கு. உள்ள வந்து என் சாம்பாரைச் சாப்பிட்டுட்டு, ஆவுடை சொல்லிக்குடுத்த ஒரே தமிழை, "நல்லா இருக்கு, நல்லா இருக்கு"ன்னு நாலு தடவை சொன்னான். அன்னைக்குச் சாம்பார் அடிப்பிடிச்சிருந்துச்சு. இவுக மூஞ்சியைச் சுளிச்சுத் தள்ளி வச்சாக. அவன் ரெண்டாந்தடவை வாங்கினான். ஆவுடை எந்திரிச்சு ஒரு பேப்பர் பிளேட்டை எடுத்துக்கிட்டுக் கராஜுக்குப் போனா. தனியா நின்னு அந்த ஸ்டஃபிங்கைத் தின்னா. மறுநாள் காலையில காபி குடிக்காமப் போயிட்டாக.

பாத்திரம் மட்டும் அங்கனயே கெடந்துச்சு. ஒரு மாசம் கழிச்சுத் தூசி தட்டும்போது திருப்பிப் பாத்தேன். அடியில ஒரு துண்டு டேப் ஒட்டி, பேனாவால பேரு எழுதியிருந்துச்சு, லொரெய்ன்னு, நிறுத்தி நிதானமா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுற மாதிரி. அதைப் பாத்ததும் எனக்கு என்னமோ போல ஆயிருச்சு. எங்க வீட்டு எவர்சில்வர் தட்டு அத்தனையிலயும் பேரு வெட்டியிருக்கு. சீர் வாங்கும்போது எங்கப்பா கடையில நின்னு வெட்டச் சொன்னது. நாலு வீட்டுக்குப் போனாலும் நம்ம பாத்திரம் நம்ம வீட்டுக்குத் திரும்பி வரணும்னுதானே பேரு வெட்டுறது? இவளும் அதுக்குத்தானே ஒட்டியிருக்கா. அவ ஊரு நெப்ராஸ்காவுல ஒரு சர்ச்சு சாப்பாட்டுக்குக் கொண்டுபோவா, இன்னொருத்தி கழுவித் திருப்பிக் குடுப்பா. திருப்பிக் குடுக்கணும். ஆனா வெறும் பாத்திரமா எப்படிக் குடுக்க? பக்கத்து வீட்டுக் கிண்ணம் வந்தா ஒரு கை சீனியாவது போட்டுத்தான் குடுப்போம். என்னத்தப் போட? மைசூர்பாகு போடலாம்னு நினைச்சேன், ஈரல் இருந்த பாத்திரத்துல எப்படிப் போடன்னு விட்டேன். முறுக்குன்னு நினைச்சேன், அதையும் விட்டேன். அப்படியே ஒரு வருஷம், ரெண்டு வருஷம். ஆகஸ்ட்ல இவுக போனைக் காதுல வச்சிக்கிட்டு மாடிப்படியில உட்காந்துட்டாக. "லொரெய்ன் போயிட்டாங்களாம். ஹார்ட்டாம்." பாத்திரத்துக்குச் சொந்தக்காரியே போயிட்டா. நான் போன் பண்ணல. நாலு தடவை கையில எடுத்தேன். இங்கிலீஷ்ல துக்கம் கேக்க எனக்கு வராது. அதெல்லாம் சாக்கு. தமிழ் பேசுறவனா இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்க?

கழுத்துல வேர்க்குது. பொத்தான் அப்படியேதான் இருக்கு. எழும்பாமயே போயிட்டா? பச்சையா எடுத்து வச்சா வயித்துக்கு ஆகாதாமே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற அளவுக்கு ஆயிருமாமே, மாமியா வீட்ல தின்னுட்டு அவன் படுத்துக்கிட்டான்னு வந்தா அதுக்கு மேல என்ன இருக்கு. ஸ்டஃபிங் வேலை தனியா முடிஞ்சுது, லொரெய்ன் பாத்திரத்துல ரொட்டியும் வெங்காயமும் செலரியும் வெண்ணெயும் போட்டு நிரப்பி வச்சாச்சு, சுத்த சைவம், கடைசி ஒரு மணி நேரம் உள்ள வச்சா போதும். காய்கறித் தண்ணி ஊத்தணும். உப்பு போட்டாச்சு. ருசி பாக்கல. பாக்கவும் மாட்டேன், ஈரல் இருந்த பாத்திரம். அது எனக்குப் பெரிய காரியம் இல்ல, சாமிக்குப் படைக்கிறதை என்னைக்கு ருசி பாத்தோம்? சர்க்கரைப்பொங்கலோ சுண்டலோ, கை அளவுதான், மூக்கு அளவுதான், முதல்ல சாமி சாப்பிடணும். முப்பத்திமூணு வருஷமா அப்படி ஆக்கிப் பழகின கை. ஆனா சாமி ஒருநாளும் குறை சொன்னதில்ல, அதுதான் வித்தியாசம். இவுகதான் சொல்லுவாக. உப்பு கூட, உப்பு கம்மி, புளி தூக்கலா இருக்கு. கல்யாணம் ஆன மறுநாள் ஆரம்பிச்சது. நம்ம வீட்ல யாரு யாருக்கு நன்றி சொல்லியிருக்கா? சொன்னா கோபம்தான் வரும். நான் இவுகளுக்கு ஒருநாள் தேங்க்ஸ்னு சொன்னேன்னு வைங்க, உடம்புக்கு என்னன்னு கேப்பாக. இந்த ஊர்ல அதுக்குன்னு ஒரு நாளு, வட்டமா உட்காந்து ஒவ்வொருத்தரா எதுக்கு நன்றின்னு வாயைத் திறந்து சொல்லணுமாம். லொரெய்ன் வீட்டு வழக்கம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால என் முறை வந்தப்போ நான் ரசம் எடுத்துட்டு வாரேன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். நாங்க பாட்டுக்கு இத்தனை வருஷம் இந்த நாலு நாள் லீவுக்குக் காரை எடுத்துக்கிட்டுப் பிட்ஸ்பர்க் பெருமாளைப் பாக்கப் போனோம், புளியோதரையைத் தின்னுட்டுத் திரும்பி வந்தோம். அதுதான் எங்க தேங்க்ஸ்கிவ்விங்.

மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னால ஒரே ஒரு தடவைதான் போகல. ஆவுடை பிறந்த வருஷம். புதன்கிழமை பிறந்தா, மறுநாள் தேங்க்ஸ்கிவ்விங். ஆஸ்பத்திரியில மத்தியானம் தட்டைக் கொண்டுவந்து வச்சாக, மூடியைத் திறந்தா இதுதான், வெள்ளை வெள்ளையா வெட்டி, மேல பழுப்புக் குழம்பு. நான் மூடிட்டேன். இவுக சாப்பாடு கொண்டுவர வீட்டுக்குப் போனவுக பனியில காரு மாட்டிக்கிட்டு வரமுடியல. வயித்துக்குள்ள ஒண்ணுமில்ல, பிள்ளை மார்ல கெடக்கு, எனக்குக் கண்ணு இருட்டுது. அந்த நர்ஸ், பேரு டார்லீன், குட்டையா, தலைமுடியெல்லாம் சுருள் சுருளா, மூடியிருக்கிற தட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா. போய்த் தன்னோட சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து என் கட்டில்ல உட்காந்து திறந்தா. ரொட்டி, சீஸ், ஒரு ஆரஞ்சு. அவ்வளவையும் எனக்குக் குடுத்துட்டு, என் தட்டை எடுத்து, நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோன்னு சொல்லிட்டு, அவ சாப்பிட்டா. ஒரே கட்டில்ல. ஆரஞ்சை அவளே உரிச்சுக் குடுத்தா. அந்த வாடை இப்போகூட இருக்கு, ஆரஞ்சும் இந்த வாடையும். அதுதான் குமட்டல் நின்னு போச்சோ? எங்கயோ பிடிச்ச வாடை, எங்கயோ பிடிச்ச வாடைன்னு மூக்கு சொல்லிக்கிட்டே இருந்துச்சே. அன்னைக்கு அந்த மகராசி என்னைக் கராஜுல நிக்க வச்சா குடுத்தா? இல்லையே. நான் மட்டும் எங்கேருந்து அதைக் கத்துக்கிட்டேன்.

தூக்கம் வந்துரும் போல இருக்கு. எந்திரிச்சு நடக்கணும். குப்பைக் கூடையில அந்தக் கவர் சுருண்டு கெடக்கு, பொத்தான் பத்தி என்ன போட்டிருக்குன்னு ஒருதரம் பாத்துருவோம்னு கண்ணாடியை மாட்டிக்கிட்டு எடுத்தேன். காலையில படிக்க ஆரம்பிச்சேன், உள்ளன்னு ஒரு வார்த்தை வரவும் சுருட்டிக் கூடையில போட்டுட்டேன். இப்போ படிக்கேன். வேக வைக்கும் முன்னால உள்ள கையை விட்டுக் கழுத்தையும், ஈரல் குடல் எல்லாம் இருக்கிற பொட்டலத்தையும் எடுத்துரணும். எடுத்துரணும்னு போட்டிருக்கு. நான் எடுக்கல. உள்ள கையே விடல, தொட்டதே ரெண்டு கையுறை போட்டுக்கிட்டு. இந்த ஊர்ல அஞ்சாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும் இது. பொட்டலம் பேப்பரா பிளாஸ்டிக்கா? பிளாஸ்டிக்கா இருந்தா உருகிக் கறியில கலந்துருக்குமே. மணி ஒண்ணே கால். ஒண்ணே முக்கால் மணி நேரமா உள்ள வேகுது. இவுகளுக்குப் போன் பண்ணவா? பண்ணி என்னத்தச் சொல்ல, இவுக என்னை விடக் கெட்டிக்காரரா இதுல? யாருகிட்டக் கேக்க? இந்த வேலையைக் கேக்கணும்னா ஒரே ஒருத்திகிட்டத்தான் கேட்டிருக்கணும். ஏன் லொரெய்ன், உள்ள பொட்டலம் கெடக்கு, என்ன செய்யன்னு கேட்டிருந்தா எம்புட்டுச் சந்தோஷமாச் சொல்லியிருப்பா. விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. ரெண்டு வருஷம் நேரம் இருந்துச்சு எனக்கு.

தட்டை வெளிய எடுத்து மேடையில வச்சேன். பிளாஸ்டிக் கரண்டியை உள்ள விட்டேன், வளைஞ்சு வாழைப்பழமாப் போச்சு. கையுறையை மாட்டினேன், சூடு பட்டதும் விரல்ல ஒட்டுது, கழட்டி எறிஞ்சேன். அடுப்படியில இருக்கிறது என் இடுக்கிதான். பால் சட்டி இறக்குற இடுக்கி. பூசைக்குப் பால் காய்ச்சுறது அதுலதான். பாத்துக்கிட்டே நின்னேன், எவ்வளவு நேரம் நின்னேனோ தெரியல. பொறவு எடுத்தேன். உள்ள விட்டுப் பிடிச்சேன், பொட்டலம் சிக்குது, இழுத்தா கிழியுது, பேப்பர்தான், அப்பாடா பேப்பர்தான், ஆனா கிழிஞ்ச பாதி உள்ளயே நிக்குது. சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, ஈரத்துணியை மணிக்கட்டுல சுத்திக்கிட்டு, சிவசிவான்னு கையை உள்ள விட்டேன். சூடு. ஆனா கை தாங்குற சூடு. வழவழன்னு, எலும்பு வளைவு வளைவா, விலா, நம்ம விலா மாதிரியே. எங்க பாத்தாலும் ஈரம். கண்ணை மூடியிருக்கேன். நான் நினைச்ச மாதிரி இல்ல. என்ன நினைச்சேன்னும் தெரியல, கை வெந்து போகும்னா, சாமி வந்து கேக்கும்னா? பிள்ளை பிறந்து ஈரத்தோட நெஞ்சு மேல வச்சாகளே, அப்பவும் இப்படித்தான் இருந்துச்சு, சூடாவும் வழுக்கிக்கிட்டும், கூச்சமாவும் இருந்துச்சு, கீழ விடவும் முடியல. விரல் நுனியில பேப்பர் பட்டுச்சு. பிடிச்சு மெல்ல இழுத்தேன், முழுசா வந்துருச்சு. கழுத்தும் வந்துருச்சு. மேடையில வச்சுட்டுக் கையைப் பாத்தேன். என் கைதான். வளையல்ல கொழுப்பு ஒட்டியிருக்கு. அழுகை வந்துச்சு. அழுதேன். பயத்துல இல்ல. ஆகஸ்ட் மாசமே அழ வேண்டிய அழுகை.

கையைச் சோப்புப் போட்டு மூணு தரம் கழுவினேன். பறவையைத் திரும்ப உள்ள வச்சேன். தட்டுல தேங்கி நின்ன சாறை, அந்தப் பழுப்புச் சாறை, வழிச்சுக் கொட்டிரலாம்னு கிண்ணத்துல ஊத்தி வச்சிருந்தேன். காய்கறித் தண்ணி டப்பா பக்கத்துலயே இருக்கு. ரெண்டையும் பாத்தேன். என் சாம்பார்க் கரண்டியை எடுத்தேன், மரப்பிடி போட்டது, இருபது வருஷமா வேற ஒண்ணையும் தொடாதது, அதால அந்தச் சாறை மொண்டு மொண்டு லொரெய்ன் பாத்திரத்து ரொட்டி மேல ஊத்தினேன். ரொட்டி குடிச்சிக்கிட்டே இருந்துச்சு. ஊத்த ஊத்தக் குடிச்சுது. அதையும் அடுப்புக்குள்ள தள்ளினேன், பக்கத்துப் பக்கத்துல. பொறவு பேப்பர் பிளேட்டுக் கட்டைப் பாத்தேன். அதுவும் கராஜுதான். மேசையில உட்கார வச்சுப் பேப்பர் பிளேட்டைக் குடுத்தா, இடம்தான் மாறியிருக்கு, மத்தபடி அதே வேலைதான் நான் பண்ணப் பாத்திருக்கேன். கட்டோட எடுத்துக் கூடைக்குள்ள போட்டேன். அலமாரியைத் திறந்து எவர்சில்வர் தட்டு நாலை எடுத்துத் துடைச்சேன். ச.வடிவு, ச.வடிவு, ச.வடிவு, ஒண்ணுல மட்டும் ஆவுடை. அவ ஒண்ணாவது பிறந்தநாளுக்கு ஊர்ல வெட்டி அனுப்பினது. வெளிய பனி ஆரம்பிச்சிருந்துச்சு, சத்தமில்லாம, பெரிசு பெரிசா. முக்காலியில உட்காந்து பொத்தானைப் பாத்துக்கிட்டே இருந்தேன், பொத்தானும் பனியும் அடுப்புச் சத்தமும் ஒண்ணா ஆயி எங்கயோ இழுத்துக்கிட்டுப் போச்சு. கண்ணைத் திறந்தா பொத்தான் எழும்பி நிக்குது. எழும்பினதை நான் பாக்கல.

கராஜ் கதவு மேல ஏறுற சத்தம். மணி மூணு. ஆவுடைதான் முதல்ல வந்தா, கோட்டுல பனி. வாடையைப் பிடிச்சா, அடுப்பைப் பாத்தா, என்னைப் பாத்தா. "அம்மா, இதை யாரு செஞ்சா?" "வேற யாரு செய்வா, நான்தான்." "நீயா?" "ஏட்டி, வந்ததும் விசாரணையா? காலைத் துடைச்சிட்டு வா." பின்னால அவன் குனிஞ்சு வந்தான். மெலிஞ்சிருந்தான். தாடி. கண்ணுக்குக் கீழ கருப்பு. நான் சொல்லணும்னு ஒத்திகை பாத்து வச்சிருந்த ஒரு வரி, உங்க அம்மாவைப் பத்திக் கேட்டு ரொம்ப வருத்தப்பட்டேங்கிற இங்கிலீஷ் வரி, அவனைப் பாத்ததும் மறந்து போச்சு. "வா"ன்னு மட்டும் சொன்னேன். அதை வெட்டத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான், என் காய் வெட்டுற கத்தியை எடுத்துக் குடுத்தேன், இவுக பக்கத்துல நின்னு கோயில் தேர் பாக்குற மாதிரி வாயைத் திறந்துக்கிட்டுப் பாத்தாக. எவர்சில்வர் தட்டுல அவனுக்கு எடுத்து வச்சேன். கறி, உருளைக்கிழங்கு, பக்கத்துல இந்த ஊரு செவப்புப் பழக் கூட்டு. ரெண்டு கையால வாங்கினான். தேங்க் யூன்னு சொன்னான். சொல்லிட்டு, நாற்காலி மேல கெடந்த கோட்டை எடுத்துக் கையில போட்டுக்கிட்டு, தட்டோட, அந்த வெள்ளைக் கதவைப் பாத்து நடந்தான்.

கோபமில்ல அவனுக்கு. குத்திக் காட்டல. அதுதான் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருச்சு. செருப்பை வெளிய விடுற மாதிரி, இது இந்த வீட்டு வழக்கம்னு நினைச்சிருக்கான், வழக்கத்துக்குக் கட்டுப்பட்டுப் போறான். ஆவுடை அசையல. என்னையே பாக்கா, இவுக தரையைப் பாக்காக. எட்டு எட்டுல அந்தக் கதவு, அவன் அஞ்சு வச்சுட்டான். துணியைப் பிடிச்சு அடுப்புலேருந்து அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்தேன். கொண்டுபோய் மேசை நடுவுல, என் மேசையில, சாம்பார்ச் சட்டிக்கும் ரசத்துக்கும் பக்கத்துல டப்புன்னு வச்சேன். சத்தத்துக்குத் திரும்பினான். பாத்திரத்தைப் பாத்தான். கிட்ட வந்து குனிஞ்சு, கண்ணாடி வழியா அடியில அந்த டேப்பைத் தேடுனான். ரெண்டு வருஷமா நான் அதைக் கழட்டல. பாதி எழுத்துதான் தெரிஞ்சிருக்கும், அவனுக்கு அது போதும். நான் நாற்காலியை இழுத்து, "உக்காரு"ன்னேன், தமிழ்லதான் வந்துச்சு. உக்காந்தான். கோட்டைத் தரையில போட்டுட்டு உக்காந்தான்.

நானும் என் சாம்பார்ச் சாதத்தோட எதுக்க உக்காந்தேன். ஆவுடை வட்டத்தை ஆரம்பிச்சு வச்சா. இவுக ரோட்டுல பனி வழுக்காம வண்டி வந்து சேந்ததுக்கு நன்றின்னாக, அவுகளுக்கு அதுதான் தெரியும். ஆவுடை என்னமோ மெதுவாச் சொன்னா, பாதி எனக்குக் கேக்கல, கேட்ட பாதியில அம்மான்னு இருந்துச்சு. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒரே ஒரு வார்த்தை, பேருதான், லொரெய்ன்னு சொன்னான். அடுத்தது என் முறை. மூணு பேரும் என்னைப் பாக்காக. மன்னிப்புன்னு ஒண்ணு இருக்கு, நன்றின்னு ஒண்ணு இருக்கு, டார்லீன் இருக்கா, ஆரஞ்சு இருக்கு, உள்ள விட்ட கை இருக்கு, எதை எடுத்தாலும் இன்னொண்ணும் கூடவே வருது. வாயைத் திறந்தா வந்தது, "உப்பு சரியா இருக்கா?"

ஆவுடை அதை இங்கிலீஷ்ல சொல்ல வாயெடுத்தா. உப்புங்கிற வார்த்தை அவனுக்குத் தெரியும் போல, கையைக் காட்டி நிறுத்திட்டு, அந்த ஸ்டஃபிங்ல ஒரு வாய் எடுத்து வச்சான். மென்னான். கண்ணு கலங்குச்சு. நல்லா இருக்குன்னு சொல்லப்போறான், விருந்தாளி மாதிரி நாலு தடவை சொல்லப்போறான்னு பயந்துக்கிட்டிருக்கேன். அவன் விழுங்கிட்டு, தண்ணி ஒரு மடக்குக் குடிச்சிட்டு, என்னை நேராப் பாத்து, இங்கிலீஷ்லதான் சொன்னான், எனக்கு விளங்கட்டும்னு பைய, ஒவ்வொரு வார்த்தையா. "எங்கம்மா இவ்வளவு உப்புப் போடமாட்டாங்க."

இவுகளுக்குச் சிரிப்புத் தாங்கல, மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்காக. ஆவுடை முகத்தை மூடிக்கிட்டுச் சிரிக்காளா அழுறாளான்னு தெரியல. அந்தச் சாறுலயே உப்பு இருந்திருக்கும், எனக்கு எப்படித் தெரியும், ருசி பாத்தேனா நான். வந்துட்டான், இந்த வீட்ல உப்புக்கு நொட்டை சொல்ல இன்னொருத்தன். பாத்திரத்தை அவன் பக்கம் தள்ளி வச்சேன்.